முக்கோணியா, முக்கோணமா? எங்கட கேத்திரகணிதச் சொற்கள் வந்த வழி

எங்கட குழுவில ஒருத்தி இருக்கிறாள். தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் பிறந்து, ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே படித்து, 2013இல் குடும்பத்தோடு ஊர் திரும்பியவள். வந்த கையோடு ஆறாம் தரத்தில் சேர்த்துவிட்டார்கள். கணிதம் அவளுக்கு நல்லா வரும். ஆனால் முதல் தவணைப் பரீட்சையில் உருவங்களின் பெயர் எழுதச் சொன்ன கேள்வியில் நாலு பிழை. அவள் எழுதியது: முக்கோணம், நாற்கரம், இணைகோடுகள், கனசெவ்வகம். விடைத்தாளில் சிவப்புப் பேனையால் திருத்தி இருந்தது: முக்கோணி, நாற்பக்கல், சமாந்தரக் கோடுகள், கனவுரு.

போய்க் கேட்டிருக்கிறாள். "இது இந்தியத் தமிழ் பிள்ளை, இஞ்ச மாக்ஸ் விழாது" எண்டு பதில் வந்திருக்கு. அன்றைக்கு வீட்ட வந்து அவள் அழவில்லையாம். தகப்பனிட்ட ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "அப்பா, அங்க எங்கள சிலோன்காரர் எண்டினம், இஞ்ச இந்தியத் தமிழ் எண்டினம். அப்ப எங்கட தமிழ் எது?"

இந்தக் கதையை அவள் சொன்ன பிறகுதான் நாங்கள் இந்தச் சொற்களைத் தேடத் தொடங்கினோம். நாங்கள் எல்லாரும் கலைப்பீடம். சாதாரணதரத்தோட கணிதத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். ஆனாலும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் விடைத்தாளில் இவ்வளவு வரலாறு கிடக்கும் எண்டு எதிர்பார்க்கவில்லை.

முதலில் பாடத்தின் பெயரையே எடுப்பம். கேத்திரகணிதம். சின்ன வயதில் இதைக் 'கோத்திரம்' மாதிரி ஏதோ ஒன்று எண்டுதான் நினைத்திருந்தோம். கேத்திரம் என்றால் வயல், நிலம். க்ஷேத்திரம் என்ற வடசொல்லின் தமிழ் உச்சரிப்பு. கோயில் இருக்கும் தலத்தையும் க்ஷேத்திரம் என்பார்கள், அதுவும் இடம் என்ற பொருளில்தான். நிலத்தை அளக்கிற கணக்கு கேத்திரகணிதம். கிரேக்கர் வைத்த பெயருக்கும் இதே பொருள்தான்: நில அளவை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங்கின் ஆதரவில் யூக்கிளிட்டின் நூல் அரபியிலிருந்து சமஸ்கிருதத்துக்குப் போனபோது அதற்கு 'ரேகாகணிதம்', கோட்டுக் கணக்கு எண்டு பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இன்று 'வடிவியல்' என்கிறார்கள். சிங்களத்தில் 'ஜ்யாமிதிய'. வயலை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பது நாங்கள்தான். தமிழில் வடசொல்லைக் குறைக்கவேண்டும் எண்டு கூடுதலாகச் சத்தம் போடுகிற ஆட்களில் சிலர் எங்கட பக்கமும் இருக்கினம், ஆனால் கேத்திரகணிதத்தை ஒருத்தரும் தொட்டதில்லை.

நிலம் அளக்கிற கணக்குத் தமிழுக்குப் புதிதில்லை. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்புக் காண ஒரு வழி உண்டு. சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கு, குழி வரும் என்கிறது அது. இப்ப பாடசாலையில் படிக்கிற சமன்பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அச்சொட்டாகச் சரி. சுற்றளவின் பாதி என்பது பையை ஆரையால் பெருக்கியது, விட்டத்தின் பாதி ஆரை. இரண்டையும் பெருக்கினால் பை ஆர் வர்க்கம். 'வட்டம்', 'விட்டம்' இரண்டும் அப்போதே அங்கே இருக்கின்றன. விட்டம் என்றால் கூரையைத் தாங்க ஒரு சுவரில் இருந்து மற்றச் சுவருக்குக் குறுக்கே போடும் மரம். வட்டத்துக்குக் குறுக்கே போனால் அதுவும் விட்டம். ஓட்டு வீட்டில் நிமிர்ந்து படுத்துக் கிடந்த பிள்ளைக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. சீற்றுக்குக் கீழே சீலிங் அடித்த வீட்டுப் பிள்ளைக்கு விளக்கத்தான் வேணும்.

பரப்பும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் காணி விலை கேட்டால் பரப்புக் கணக்கில்தான் சொல்லுவார்கள். ஒரு பரப்பு பத்துப் பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். அந்தப் பரப்புத்தான் பாடப்புத்தகத்தில் 'பரப்பளவு' ஆகி நிற்கிறது. உறுதியும் கையுமாகத் திரிகிற பெரிய மனிதர்கள் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு, பரப்பு என்றால் சண்டை பிடிக்கக்கூடிய ஒன்று எண்டு ஐந்து வயதிலேயே தெரியும்.

இந்த இடத்தில் வட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு விசயத்தையும் சொல்லிவிடுவம். பைதகரசுக்கு முன்னமே தமிழன் கண்டுபிடித்த சூத்திரம் எண்டு ஒரு பழம்பாடல் வரும், உங்களுக்கும் ஆரோ ஒரு மாமா கட்டாயம் அனுப்பியிருப்பார். செங்கோண முக்கோணியின் நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மற்றப் பக்கத்தின் அரைவாசியைக் கூட்டினால் செம்பக்கம் வருமாம், வர்க்கமூலமே தேவையில்லையாம். போட்டுப் பார்த்தோம். 3, 4 கொடுத்தால் 5 வருகுது. 5, 12 கொடுத்தால் 13 வருகுது. அட! 10, 10 கொடுத்தால் 13.75 வருகுது. வரவேண்டியது 14.14. ஆக இது ஓர் அண்ணளவு வழி. வேலைத்தளத்தில் நின்றுகொண்டு மனதால் கணக்குப் பார்க்க மிகவும் நல்ல வழி. அதைச் செய்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் தேற்றம் வேறை, கைக்கணக்கு வேறை. கைக்கணக்கைக் கைக்கணக்கு எண்டே மெச்சினால் என்ன குறைஞ்சு போகும் எண்டு எங்களுக்கு விளங்கவில்லை.

எங்களில் இன்னொருத்தனின் அப்பா மேசன். அத்திவாரம் வெட்ட முதல் மூலைக்கு மட்டம் பிடிப்பார். ஒரு நூலில் 3 அடி, மற்ற நூலில் 4 அடி அளந்து அடையாளம் வைத்து, குறுக்கே 5 அடி சரியாக வந்தால் மூலை சரி. அவருக்குப் பைதகரசைத் தெரியாது, 'செங்கோணம்' எண்ட சொல்லும் வாயில் வராது. அவருக்கு அது 'சரி மூலை'. மூலைமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் அவரின் பையில் கிடக்கும். மகனின் கணிதப் பெட்டியில் கிடந்ததும் அதே மூலைமட்டம்தான், பிளாத்திக்கில். சொல் அளவில் தகப்பனுக்கும் மகனுக்கும் பொதுவாக இருந்த ஒரே கணித உபகரணம் அதுதான் எண்டு அவன் சொல்லுவான்.

வட்டுக்கோட்டைக்கு வருவம். அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியில் யூக்கிளிட் பாடமாக இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில். 1855இல் அது மூடப்படும்வரை அங்கு படித்து வந்தவர்கள் தமிழுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. பழைய இலக்கண இலக்கியங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கு படித்தவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் இவர்களே. விசுவநாதபிள்ளை தமிழில் 'வீசகணிதம்' எழுதினார். பீஜம், விதை. இன்று நாங்கள் அட்சரகணிதம் எண்டு படிப்பது அன்றைக்கு விதைக்கணக்கு. அதே காலத்தில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடிக்கொண்டிருந்தார். கேத்திரகணிதத்துக்கு அப்படி ஒரு கிறீன் கிடைக்கவில்லை. ஆங்கிலம் படித்தவன் யூக்கிளிட்டை ஆங்கிலத்தில் படித்தான், படிக்காதவன் நூலைப் பிடித்து மூலை பார்த்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பாலம் தேவைப்பட்டது நூறு வருசம் கழித்துத்தான்.

அந்த நூறு வருசத்துக்குள் தமிழ்நாட்டில் சொல்லாக்கம் ஓர் இயக்கமாகவே நடந்தது. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் எங்கட காரைதீவைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 'கலைச்சொற்கள்' தொகுதியை வெளியிட்டது. அதாவது அந்த நேரத்தில் இக்கரைச் சொல், அக்கரைச் சொல் எண்டு பிரிக்காமல், ஒரே மேசையைச் சுற்றி இருந்து கதைத்திருக்கிறார்கள். கப்பலும் ரயிலும் ஏறி நேரே போய்வரக்கூடிய காலம்.

பிறகு இங்கே 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி, 50களில் படிப்படியாக மேல் வகுப்புகளிலும். 1960இல் தமிழிலும் சிங்களத்திலும் படித்த முதல் தொகுதி மாணவர்கள் கலைப்பீடத்துக்குள் நுழைந்தார்கள். நாங்கள் இன்று இருக்கிற கதிரையை முதல் சூடாக்கியது அவர்கள்தான். இவ்வளவு பேருக்கும் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். அந்த வேலை போய்ச் சேர்ந்த இடம் அரசகரும மொழித் திணைக்களம். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை நடைமுறைப்படுத்த இருந்த திணைக்களம் அதே. அதன் கூரைக்குக் கீழே ஒரு பக்கம் தமிழ் அறிஞர்கள் இருந்து பாடவாரியாகத் தமிழ்ச் சொற்றொகுதிகளைத் தயாரித்திருக்கிறார்கள், ஆங்கிலப் பாடநூல்களை மொழிபெயர்த்திருக்கிறார்கள். வெளியே கலவரம், சத்தியாக்கிரகம், சிறை. உள்ளே ஆரோ ஒருத்தர் தொடுகிற கோட்டுக்குத் 'தொடலி' என்பதா வேறு சொல்லா எண்டு யோசித்துக்கொண்டிருந்திருப்பார். அவர்களைப் பற்றி எங்களுக்குப் பாடசாலையில் ஒரு வரி கூடச் சொல்லித்தரவில்லை.

ஒட்சிசன், ஐதரசன் எண்டு எழுதுகிற எங்கட பழக்கமும் இந்தக் காலத்துப் பரம்பரைச் சொத்துத்தான். தமிழ்நாட்டிலும் அதே ஆண்டுகளில் பாடநூல்கள் தமிழாகிக்கொண்டிருந்தன. ஆனால் இப்போது இரண்டு அரசாங்கம், இரண்டு பாடநூல் அலுவலகம். கடல் அகலமில்லை, ஆனாலும் ஒரே முக்கோணிக்கு இரண்டு பெயர் வந்துவிட்டது.

எந்தச் சொல் நல்லது எண்டு கேட்டால் எங்களுக்குள்ளேயே சண்டை. முக்கோணி விசயத்தில் நாங்கள் இலங்கைப் பக்கம். ஏனெண்டால் 'முக்கோணத்தின் கோணம்' எண்டு சொல்லும்போது உருவமும் கோணமும் ஒரே சொல்லாக இருக்கு, சின்னப்பிள்ளை குழம்பும். 'முக்கோணியின் கோணம்' என்றால் உருவம் வேறை, கோணம் வேறை. அதே 'கோணி'யை வைத்து ஐங்கோணி, அறுகோணி, பல்கோணி எண்டு போய்க்கொண்டே இருக்கலாம். எங்கட தோழி மட்டும் இன்றைக்கும் சிரிப்பாள். அவள் வளர்ந்த இடத்தில் கோணி என்றால் சாக்கு. முதல் நாள் வகுப்பில் 'முக்கோணி வரையுங்கோ' எண்டதும் மூன்று சாக்கு வரைவதா எண்டு முழித்தவள்.

ஆனால் சமாந்தரம் விசயத்தில் எங்கட பக்கம் ஒரு ஓட்டை. சமாந்தரம் நல்ல சொல்தான். சமம், அந்தரம்: இடைவெளி எங்கும் சமன். வரைவிலக்கணமே சொல்லுக்குள்ள இருக்கு. சிங்களத்திலும் அதே சமாந்தர. சரி, எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமான நாற்பக்கலுக்கு என்ன பெயர்? இணைகரம். 'இணை' எங்கிருந்து வந்தது, 'கரம்' எங்கிருந்து வந்தது? கோடு வரும்போது சமாந்தரம், உருவம் வரும்போது இணை. மொத்த வகை நாற்பக்கல், அதில் ஒரு வகை இணைகரம். தமிழ்நாட்டில் இணைகோடு, நாற்கரம், இணைகரம் எண்டு மூன்றும் ஒரே குடும்பமாக இருக்கு. இதில் அவர்களுக்கு ஒரு புள்ளி கொடுத்துத்தான் ஆகவேணும்.

செங்கோணம் இரண்டு பக்கமும் பொது. இதில் வரும் செம்மை சிவப்பு இல்லை, நேர், நிமிர்வு. செங்கோலில், செங்குத்தில் இருக்கிற செம்மை. செங்கோணத்துக்கு எதிரே இருப்பது செம்பக்கம். நாங்கள் படிக்கும்போது ஒரு பெடியன் செம்பக்கத்தை எப்பவும் சிவப்புப் பேனையால்தான் கீறுவான். ரீச்சர் அழகுக்குக் கீறுகிறான் எண்டு நினைத்து விட்டுவிட்டா. அவன் அதுதான் விதி எண்டு நம்பியிருந்தான். தமிழ்நாட்டில் அந்தப் பக்கத்துக்குக் கர்ணம். வடமொழியில் காது. எங்கட செம்பக்கம் காதைவிடத் தெளிவு, சிவப்புப் பேனை தூரத்தில் இருந்தால்.

கூர்ங்கோணம் எங்கட சொல், அங்கே குறுங்கோணம். கிரேக்கர் இதைக் கூரான கோணம் எண்டுதான் சொன்னார்கள், பெரியதை மொட்டைக் கோணம் எண்டார்கள். கத்தியைப் பார்ப்பது போன்ற பார்வை. தமிழில் கூர் வந்தது, மொட்டை வரவில்லை. விரிகோணம் எண்டு ஆக்கிவிட்டார்கள். பாயை விரிப்பது போல, கையை விரிப்பது போல. ஆர் செய்தாரோ, நல்ல காது உள்ள ஆள்.

எங்களுக்கு மிகப் பிடித்தது வட்டத்தின் சொற்கள். வில், நாண். வட்டத்தின் வளைந்த துண்டு வில், அதன் இரண்டு முனையையும் இணைக்கும் நேர்கோடு நாண். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதே படிமம்தான். வடமொழியில் நாணுக்கு ஜ்யா, ஜீவா. அந்தச் சொல் அரபிக்குப் போய், அங்கே எழுத்து ஒற்றுமையால் 'மடிப்பு' என்ற பொருளுள்ள வேறொரு சொல்லாக வாசிக்கப்பட்டு, இலத்தீனில் அந்த மடிப்பு 'சைனஸ்' ஆகி, கடைசியில் எங்கட திரிகோணகணிதப் புத்தகத்தில் 'சைன்' எண்டு வந்து இறங்கியது. நாண் ஒரு பக்கத்தில், சைன் இன்னொரு பக்கத்தில். இரண்டும் ஒரே வில்லில் கட்டியிருந்த கயிறு எண்டு ஆரும் சொல்லித்தரவில்லை.

ஆரையும் அப்படி. ஆர் என்றால் சக்கரத்தின் ஆரக்கால். சிங்களத்தில் அரய. தமிழ்நாட்டில் ஆரம். வயல்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஆரை என்றால் நாலு இலை விரித்து நிற்கிற கீரையும்தான். இரண்டு ஆரைக்கும் ஒரு வில்லுக்கும் நடுவில் வரும் துண்டுக்கு எங்கட புத்தகம் வைத்த பெயர் 'ஆரைச்சிறை'. சிறை என்றால் இறக்கை, சிறகு. எவ்வளவு வடிவான சொல்! ஆனால் எங்கட தலைமுறைக்குச் சிறை என்ற சொல் வேறை இடத்தில்தான் போய் நிற்கும். வகுப்பில் ஆரைச்சிறை எண்டு சொன்னதும் 'ஆரைச் சிறையில போட்டினம்?' எண்டு ஒருத்தன் கேட்டு, எல்லாரும் சிரித்து, பிறகு ஒருத்தி சிரிக்காமல் இருந்ததைக் கண்டு நிறுத்தியது ஞாபகம். அவளின் தமையன் அப்போது உள்ளே.

கம்பஸில் சிங்கள நண்பர்களோடு இந்தச் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்ததும் நல்ல பம்பல். பரிதிக்குப் பரிதிய, ஆரைக்கு அரய, முக்கோணிக்கு த்ரிகோணய. ஆனால் 'சதுரஸ்ரய' என்றதும் நாங்கள் சதுரம் எண்டு நினைத்துத் தலையாட்ட, அவர்கள் காட்டியது கோணல்மாணலான ஒரு நாற்பக்கலை. அவர்களுக்குச் சதுரஸ்ரய எந்த நாலு பக்க உருவமும். எங்கட சதுரம் வேணுமென்றால் 'சமசதுரஸ்ரய' எண்டு சொல்லவேண்டும். நாலு என்ற ஒரே வடசொல் வேரில் இருந்து இரண்டு மொழிக்கும் வந்து, இரண்டு வேறு உருவத்தில் குந்திவிட்டது.

பட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விடேலாது. அடுத்துள்ள பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமனான நாற்பக்கலுக்குப் புத்தகத்தில் பட்டம் எண்டு பெயர். ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்ற பிள்ளையிடம் பட்டம் கீறச் சொன்னால் அது கொக்குப் பட்டம் கீறும், பிராந்து கீறும், எட்டுமூலை கீறும். விண் பூட்டவில்லையே எண்டு கேட்கும். எட்டுமூலை! பாருங்கள், பிள்ளைகளிடம் ஏற்கெனவே மூலைக் கணக்கு இருக்கு. மேசனிடமும் இருக்கு. புத்தகம்தான் மூலையை விட்டு உச்சி என்கிறது. உச்சி என்றால் தலையின் மேல். முக்கோணியின் அடியில் இருக்கிற இரண்டு மூலையும் எப்படி உச்சி ஆகும் எண்டு கேட்ட பிள்ளையை நாங்களே கண்டிருக்கிறோம். நியாயமான கேள்வி.

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது பிள்ளைகள் யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படித்தார்கள். இப்பவும் ரியூசனுக்குக் காசில்லாத வீடுகளில் அதுதான் ரியூசன். ஆக, 2013இல் எங்கட தோழி ஒருத்திக்கு நடந்தது இப்போ போன் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் நடக்கலாம். நாற்கரம் எண்டு எழுதிய பிள்ளைக்கு உருவம் விளங்கியிருக்கு, பக்கம் எண்ணத் தெரிஞ்சிருக்கு. அதற்குப் பூச்சியம் போடுவது கணிதத்துக்கா, கடவுச்சீட்டுக்கா? பாடநூலில் அந்தந்தப் பாட முடிவில் 'இப்படியும் சொல்வர்' எண்டு இரண்டு வரி சேர்த்தால் தாள் செலவு எவ்வளவு ஆகும்?

போன மாதம் ஒரு கிராமத்து வாசிகசாலையில் ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை வகுப்பு எடுத்தோம். தோழிதான் வட்டம் படிப்பித்தாள். சைக்கிள் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, சில்லின் நடுவில் விரலை வைத்து, கம்பி வழியே றிம்மில் முட்டும்வரை இழுத்து, "இதுதான் ஆரை. நான் படிச்ச ஊரில இதை ஆரம் எண்டுவினம்" எண்டாள். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப அக்கா, அங்க சைக்கிளுக்கு என்னண்டு சொல்லுவினம்?"

"சைக்கிள் எண்டுதான்."

சின்னவள் கொப்பியில் ஆரை எண்டு எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ஆரம் எண்டும் எழுதினாள். பிறகு எழும்பிப் போய் சில்லைச் சுற்றிவிட்டாள்.